அம்மா புதைக்கச் சொன்ன மிளகாய்த் தூள்

வாசகர் கேள்வி:

"மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய ஆலை இருக்கிறது. அரிசி மா, மிளகாய்த் தூள், கறித்தூள் அரைத்துப் பெக்கட் பண்ணி ஊர்க் கடைகளுக்கும் இரண்டு சுப்பர்மார்க்கெட்டுகளுக்கும் கொடுக்கிறோம். அப்பா இல்லாத காலத்தில் அம்மா முற்றத்தில் உரல் போட்டு மா இடித்துச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தொடங்கிய தொழில். இப்போது 22 பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். நான் கொழும்பில் வணிக முகாமைத்துவம் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு வந்து பொறுப்பெடுத்திருக்கிறேன். நோக்கம் உள்ள நிறுவனம்தான் நிலைக்கும் என்று தலைமைத்துவப் பயிற்சியில் சொன்னார்கள். அதனால் எங்கள் நோக்கத்தை எழுதிப் பெரிய பலகையாக வாசலில் மாட்டினேன். கொழும்பிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து ஒரு நாள் நிகழ்ச்சியும் வைத்தேன். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் செலவு. கைதட்டினார்கள், சிலர் அழுதும் விட்டார்கள். அந்த மாதக் கடைசியில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். இருவர் காமென்ட் ஆடைத் தொழிற்சாலைக்கு, ஒருவர் குவைத்துக்கு, ஒருவர் காரணமே சொல்லவில்லை. இருக்கிறவர்களும் நேரத்துக்கு வருவதில்லை. கைவிரல் மெஷின் பூட்டி, பத்து நிமிடம் பிந்தினால் அரை மணிச் சம்பளம் வெட்டுகிறேன். அப்படியும் மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பிந்தித்தான் வருகிறார்கள். அம்மா இப்படி எதுவும் செய்ததில்லை. ஆனால் அவர் ஒரு சொல் சொன்னால் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குத் தலைமைத்துவம் இல்லையா? நோக்கத்தை எப்படி இவர்கள் மனதில் பதிய வைப்பது?

இன்னொரு விஷயம். தை மாதம் ஸ்டோருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி மிளகாய் கொஞ்சம் நமுத்துவிட்டது. அதில் அரைத்த 300 கிலோத் தூளை அம்மா அனுப்ப விடவில்லை. குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். மூன்று லட்சத்துக்கு மேல் நட்டம். அன்றிலிருந்து 5ஆம் திகதிச் சம்பளம் 10, 12 என்று தள்ளிப்போகிறது, நான்கு மாதமாக ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை. காய வைத்து நல்ல தூளோடு கலந்து கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்படி வியாபாரம் செய்ய முடியாது என்று அம்மாவுக்கு எப்படி விளங்க வைப்பது?"

அன்பின் தம்பி,

தலைமைத்துவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, மிளகாய்த் தூள் கதையைப் போகிற போக்கில் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்கான பதில் அந்தக் கடைசிப் பந்தியில் கிடக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சரக்கு. மிளகாயில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பதினொன்றைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க வழி வந்துவிடும். அதில் சில வகைகள் அஃப்லடொக்சின் என்ற நஞ்சை விடும். அது ஈரலைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயமில்லாமல் நிறுவப்பட்ட விஷயம். வெயிலில் காய வைத்தால் பூஞ்சணம் அடங்கலாம், விட்ட நஞ்சு அப்படியே இருக்கும். கறி கொதிக்கிற சூட்டிலும் அது அழியாது. நல்ல தூளோடு கலந்திருந்தால் 300 கிலோவில் இருந்தது ஆயிரம் கிலோவுக்குப் பரவியிருக்கும், அவ்வளவுதான். அம்மாவுக்கு இந்த நஞ்சின் பெயர் தெரிந்திருக்காது. ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்திருப்பார்.

"யாருக்கும் தெரிந்திருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன், உங்களிடம் வேலை செய்கிற 22 பேருக்குத் தெரிந்திருக்குமே. நமுத்த மூடையைத் தூக்கினவர், அதை அரைத்தவர், சலித்தவர், பெக்கட்டில் போடக் காத்திருந்தவர், எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். அம்மா அன்று வேறு முடிவு எடுத்திருந்தால், இந்த ஆலையில் எது நடக்கும் எது நடக்காது என்பதை அவர்கள் அந்த நிமிடமே படித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பலகையை மாட்டினாலும் அதைத் தாண்டித்தான் நடந்துபோவார்கள். புதைக்கச் சொன்னதால் இன்னொன்றைப் படித்துக்கொண்டார்கள். அன்று பின்னேரம் அவர்கள் வீடுகளில் இந்தக் கதை கட்டாயம் ஓடியிருக்கும். "எங்கட அம்மா மூணு லட்சத்தக் குழிக்குள்ள போட்டுட்டா" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்டவர் ஒரு சொல் சொன்னால் கேட்பார்கள்தானே!

நீங்கள் கேட்கிற நோக்கம் உங்கள் ஆலையில் ஏற்கெனவே இருக்கிறது. நட்டக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள், அதுதான் கோளாறு.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்களிடம் வேலை செய்கிற பெண்கள் தங்கள் வீட்டுச் சமையலுக்கு உங்கள் தூளைக் காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள், அதுவும் நேரே கேட்காமல் பக்கத்துக் கடையில். உணவுத் தொழில் செய்கிற பல இடங்களில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளே வேலை செய்கிறவர் வாங்காத சாமானைப் பற்றி வெளியே என்ன விளம்பரம் செய்தாலும் அதற்கு ஆயுள் குறைவு.

உங்கள் பயிற்சியில் அமெரிக்காவின் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கதையைச் சொல்லியிருப்பார்கள். அந்த நிறுவனத்தின் கொள்கையை அதன் தலைவர் 1943இல் எழுதி வைத்தார். முதல் பொறுப்பு மருந்தைப் பாவிக்கிறவர்களுக்கும் வைத்தியர்களுக்கும், பங்குதாரர்கள் கடைசியில் என்பது அதன் சாரம். 1982இல் சிகாகோவில் யாரோ ஒருவன் கடைகளில் இருந்த டைலனோல் என்ற அந்த நிறுவனத்தின் வலி நிவாரணக் குளிசைகளில் சயனைட் கலந்து 7 பேர் செத்தார்கள். தவறு நிறுவனத்துடையது அல்ல. ஆனாலும் நாடு முழுவதும் இருந்த சுமார் 3 கோடி 10 லட்சம் போத்தல்களை அவர்கள் திருப்பி எடுத்தார்கள். பத்துக் கோடி டொலருக்கு மேல் நட்டம். பாடப் புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடும். அதே நிறுவனம் பின்னாளில் குழந்தைப் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளில் மாட்டி, கடைசியில் டல்க் சேர்த்த பவுடரை உலகம் முழுவதும் விற்பதை 2023இல் நிறுத்திக்கொண்டது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கொள்கை வாசகம் அந்தக் காலம் முழுவதும் அவர்களிடம் இருந்தது. 1982இல் ஒரு மதிப்பு வந்தது என்றால் அன்று எடுத்த முடிவுக்காக வந்தது. அடுத்த முடிவுக்கு அது முன்பணம் ஆகாது.

சரி, அம்மாவுக்கு எதை விளங்க வைப்பது என்று கேட்டீர்கள். அவருக்கு எதையும் விளங்க வைக்கத் தேவையில்லை. அவர் ஒருவர் மூக்கில் இருக்கிற அந்தக் கணிப்பை ஆலையின் விதியாக மாற்றுவதுதான் உங்கள் வேலை. ஈரம் அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள். எந்த அளவுக்கு மேல் போனால் அரைப்பதில்லை என்று எழுதுங்கள். ஸ்டோரில் மூடைகளைத் தரையில் அடுக்காமல் பலகைத் தட்டில், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். மட்டக்களப்பில் மாரி மழை எப்போது வரும் என்பது புதிய செய்தி இல்லை. ஐப்பசியிலேயே கூரையைப் பார்த்திருந்தால் தையில் குழி வெட்ட வேண்டி வந்திராது. அம்மா செய்தது சரி. அந்த நட்டம் வந்தது ஸ்டோரைப் பார்க்காமல் விட்டதால், அது முகாமையாளரின் பொறுப்பு.

அதற்கு மேல் இன்னொன்றும் செய்யலாம். டொயோட்டாக் கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற வரிசைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். பொறுப்பானவர் உடனே ஓடி வருவார், அங்கேயே தீர்க்க முடியாவிட்டால் வரிசை நிற்கும். உங்களுக்குக் கயிறு தேவையில்லை. "மணம் மாறினாலோ நிறம் மாறினாலோ யார் வேண்டுமானாலும் மெஷினை நிறுத்தலாம், என்னைக் கேட்கத் தேவையில்லை" என்று சொன்னால் போதும். இன்று அம்மாவுக்கு மட்டும் இருக்கிற உரிமை 22 பேருக்கும் கிடைத்துவிடும். சொல்வது லேசு. முதல் முறை ஒரு பிள்ளை நிறுத்தி, பார்த்தால் சரக்கில் ஒரு பிழையும் இல்லாமல், அரை நாள் வேலை கெட்டிருக்கும். அன்று உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று ஏசினீர்களானால் இரண்டாவது முறை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

இனிப் பலகைக்கும் பேச்சுக்கும் வருவோம். மூன்று கல்தச்சர் கதையை அந்தப் பேச்சாளரும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒருவன் கல் உடைக்கிறேன் என்றான், ஒருவன் கூலிக்கு வேலை என்றான், மூன்றாவது ஆள் கோயில் கட்டுகிறேன் என்றான். சொல்லாத பேச்சாளர் இல்லை. அந்த மூன்றாவது கல்தச்சனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை.

உங்கள் ஆலையில் கேட்க வேண்டியது அதைத்தான். உங்களிடம் வேலை செய்கிற பெண்களில் பலருக்குக் குழுக் கடன் இருக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்து வைத்து எடுக்கிற கடன், கிழமைக்குக் கிழமை வசூல். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுடைய பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். 5ஆம் திகதி சம்பளம் என்று நம்பி ஒரு பெண் தன் குழுவுக்குச் சொல் கொடுத்திருப்பாள். நீங்கள் 12ஆம் திகதி கொடுக்கும்போது உங்களுக்கு அது ஏழு நாள் தாமதம். அவளுக்கு அது வசூல்காரர் வாசலில் வந்து இருக்கிற நாள், பக்கத்து வீட்டுப் பெண் முகம் கொடுத்துப் பேசாத கிழமை, காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிற பின்னேரம். இந்த நிலையில் இருக்கிறவரைக் கதிரையில் உட்கார வைத்துக் "கனவு காணுங்கள்" என்று ஒருவர் மைக்கில் சொன்னால் அழத்தான் செய்வார். அந்த அழுகையை எழுச்சி என்று எடுத்துக்கொண்டீர்களே!

ஈ.பி.எஃப். கதை இதைவிட மோசம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் கழித்து, முதலாளி 12 சதவீதம் போட்டு, அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளி 3 சதவீதம் தனியாக. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதையே எல்லாருக்கும் வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் மாதம் 2,400 ரூபாய் கழித்திருப்பீர்கள். 22 பேர், நான்கு மாதம் என்றால் 2 லட்சத்து 11 ஆயிரத்து 200 ரூபாய். அது உங்கள் காசு இல்லை, உங்கள் கையில் நிற்கிற அவர்கள் காசு. நீங்கள் போட வேண்டிய பங்கு இன்னும் 3 லட்சத்துக்கு மேல். பிந்தப் பிந்த மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் என்பது சட்டம். இது நிலுவையில் கிடக்கும்போது நோக்கத்தைப் பற்றிய நிகழ்ச்சிக்கும் பலகைக்கும் ஒன்றரை லட்சம் போயிருக்கிறது. வேலையாட்கள் கணக்குப் படிக்காதவர்களாக இருக்கலாம், இந்தக் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம்.

ஆகவே முதல் வேலை இதுதான். நிலுவையை எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு அவர்கள் தேடி வருமுன் நீங்களே போங்கள். பிறகு 22 பேரையும் கூப்பிட்டு, தேநீர், வடை, மாலை ஒன்றும் இல்லாமல், "இவ்வளவு கட்டவில்லை, இந்த இந்த மாதத்தில் கட்டி முடிப்பேன்" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். கைதட்ட மாட்டார்கள். கைதட்டலை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

சம்பளத் திகதியை எப்படிக் காப்பாற்றுவது என்றால், அதற்கு உங்கள் விற்பனைப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். நான் ஊகிப்பது சரியென்றால், உங்கள் காசு சுப்பர்மார்க்கெட்டில் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பெரிய கடைத் தட்டில் உங்கள் பெக்கட் நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மிளகாய்க்கு இன்று காசு கொடுத்து, தூளுக்கு 60 நாளில் காசு வாங்கினால், இடையில் உள்ள இரண்டு மாதத்துக்கு யார் கடன் கொடுக்கிறார்கள்? வங்கி கொடுக்காவிட்டால் உங்கள் வேலையாட்கள்தான் கொடுக்கிறார்கள், அதுவும் வட்டியில்லாமல். அவர்களைக் கேட்காமலே எடுக்கிற கடன் இது. பெரிய கடைகளுக்குப் போகிற பங்கை மூன்றில் ஒன்றுக்குள் வையுங்கள். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, இந்தப் பக்கம் ஆரையம்பதி, காத்தான்குடி என்று கைக்காசுக்கு எடுக்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. லாபம் கொஞ்சம் குறையும், காசு கிழமைக்குள் வரும். ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, அதில் கை வைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். ஆறரை லட்சம் ஒரேயடியாகச் சேராது. மாதம் கொஞ்சமாகச் சேரட்டும்.

மண்டூர்ப் பிள்ளைகள் பிந்துவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தம்பி, நீங்கள் ஒரு நாளாவது காலையில் குருமண்வெளித் துறையில் போய் நின்றிருக்கிறீர்களா? மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது, அந்தப் பக்கத்தாருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மண்டூரிலிருந்து வருகிறவர் வாவியைப் பாதையில்தான், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவையில்தான், கடக்க வேண்டும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரக்கறிக் கூடை எல்லாம் ஏறி முடிந்தபிறகுதான் அது புறப்படும். இவர் வந்து சேரும்போது பாதை அக்கரையில் நின்றால் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். காற்று எழும்பினால் இன்னும் பிந்தும். விடியற்காலையில் எழும்பிச் சமைத்து, பிள்ளையை மாமியிடம் விட்டு, சைக்கிள் மிதித்து, வாவி கடந்து வந்த பெண் பத்து நிமிடம் பிந்தியதற்கு உங்கள் மெஷின் அரை மணிச் சம்பளத்தை வெட்டுகிறது. பத்து நிமிடத்துக்கு அரை மணி என்பது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை, சட்டப்படி நிற்குமா என்பதும் வேறு கேள்வி.

நாளைக்கே போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தால் எந்தப் பாதையில் யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிறவர்களுக்கு வேலை தொடங்கும் நேரத்தை அரை மணி தள்ளி, பின்னேரம் அதற்கேற்ப முடியுங்கள். பெக்கட் பண்ணும் பகுதிக்கு இதனால் ஒரு நட்டமும் வராது, காலையில் அரைத்துச் சலித்த பிறகுதானே அவர்களுக்கு வேலை. அம்மா வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு ஆலையை மூடுவார் என்று நினைக்கிறேன், அந்தப் பக்கத்து ஊர்களில் பலரும் அப்படித்தான். அதையும் நீங்கள் உற்பத்தி இழப்பு என்று ஒரு கோப்பில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகுதான் மனதைத் தொடுவது பற்றிக் கதைக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது, பேச்சாளர் வேண்டாம். அமெரிக்காவில் ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறவர்கள், நாள் முழுக்க "வேண்டாம்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த வேலை. அந்த நன்கொடையால் படிக்கிற ஒரு மாணவரை ஒரு குழு சில நிமிடம் நேரில் சந்தித்துக் கதைத்தது. இன்னொரு குழு அவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நேரில் சந்தித்தவர்கள் தொலைபேசியில் செலவழித்த நேரம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது, சேர்த்த காசும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. கடிதம் படித்தவர்களிடம் மாற்றம் இல்லை. முதலாளியோ மேலாளரோ பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். யாருக்காக வேலை செய்கிறோமோ அவரையே பார்த்தார்கள்.

உங்கள் மாவை வாங்குகிறவர்களில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிற பெண்கள் கட்டாயம் இருப்பார்கள். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர்கள். மா சரியாக வறுபடாவிட்டால் இடியப்ப உரலில் பிழியும்போதே இழை அறும், தட்டில் விழுந்து உதிரும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார், அன்றைய வருமானம் போய்விடும். சலிப்பதில் கவனம் இல்லாமல் ஒரு கட்டி தங்கினாலும் உரலின் கண் அடைக்கும். அப்படி ஒரு அக்காவை ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்கு வரச் சொல்லுங்கள். மேடை வேண்டாம், மா சலிக்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். எந்தக் கிழமை மா நன்றாக இருந்தது, எப்போது சொதப்பியது என்று அவரே சொல்வார், நல்லாய்ப் பேச்சும் விழும். இரண்டு பெண்களை மாறி மாறி விநியோக வாகனத்தில் கடைகளுக்கு அனுப்புங்கள். தாங்கள் ஒட்டிய பெக்கட்டை ஒரு தாய் கையில் எடுத்துத் திருப்பித் திகதி பார்ப்பதை அவர்கள் பார்க்கட்டும். செலவு ஒன்றும் இல்லை.

நோக்கமா லாபமா என்ற சண்டையில் நீங்கள் அம்மாவை ஒரு பக்கத்திலும் உங்களை மறுபக்கத்திலும் நிறுத்தியிருப்பது போல் தெரிகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபிறகு 1976இல் 11 கட்டிலோடு தொடங்கினார். தடுக்கக்கூடிய குருட்டுத்தன்மையை ஒழிக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேலை. காசு கட்டக்கூடியவர் கட்டுகிறார், முடியாதவருக்கு இலவசம், இரண்டு பக்கத்துக்கும் அதே வைத்தியர்கள் மாறி மாறிப் போகிறார்கள். இது தருமப் பணத்தில் ஓடுகிற இடம் இல்லை, ஒவ்வொரு சத்திர சிகிச்சைக்கும் என்ன செலவாகிறது என்று சதக் கணக்கில் பார்க்கிற இடம். கண்ணுக்குள் வைக்கிற வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தால் கட்டுப்படியாகாது என்று 1992இல் ஆரோலாப் என்ற பெயரில் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். நோக்கம் கணக்கை இறுக்கிப் பிடிக்க வைத்தது. உங்கள் ஆலையில் நோக்கம் அம்மாவிடம் இருக்கிறது, கணக்கு உங்களிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் உட்காரவில்லை.

அம்மாவைப் போல் ஆக முயலவும் வேண்டாம். "என்ன மனே, காய்ச்சல் இப்ப எப்படி?" என்று அவர் கேட்பதை நீங்கள் கேட்டால் நடிப்பாகத் தெரியும். அவருக்கு வராத வேலைகள் உங்களுக்கு வரும். மிளகாய் அரைக்கிற அறையில் தும்மிக்கொண்டும் கண் எரிந்துகொண்டும் நிற்கிறார்களே, அங்கே தூசியை வெளியே இழுக்கிற விசிறி பூட்டலாம். அந்த ஒன்றரை லட்சத்தில் நல்லதாகவே பூட்டியிருக்கலாம். துணியால் மூக்கைக் கட்டுவதற்குப் பதிலாக ஒழுங்கான முகக்கவசம் கொடுக்கலாம். அரைக்கும் மெஷினின் பெல்ட்டுக்கு மூடி போடலாம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் போகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லி, அதற்கும் ஒதுக்கி வைக்கலாம். அம்மாவோடு உரல் காலத்திலிருந்து நிற்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். படித்த பிள்ளை வந்ததால் என்ன நடந்தது என்று கேட்டால் சுட்டிக்காட்ட அவர்களுக்கு ஏதாவது இருக்க வேண்டும். உங்களுக்குத் தலைமைத்துவம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இந்த வேலைகள் நடந்தால் அந்தக் கேள்வியை நீங்களே மறந்துவிடுவீர்கள்.

பலகை? கழற்ற வேண்டாம், கழற்றினால் அதுவும் ஒரு கதையாகிவிடும். அப்படியே கிடக்கட்டும்.

போன நான்கு பேரைப் பற்றி. காமென்ட்டுக்குப் போனவர்களைக் குறை சொல்லாதீர்கள். அங்கே பஸ் வருகிறது, காலைச் சாப்பாடு கொடுக்கிறார்கள், வரவுக்குத் தனிக் காசு கொடுக்கிறார்கள், சம்பளம் திகதி தவறுவதில்லை. முதல் மூன்றிலும் உங்களால் போட்டி போட முடியாது, நாலாவதில் முடியும். குவைத்துக்குப் போனவர் உங்கள் பேச்சாளரால் போகவுமில்லை, வேறு பேச்சாளரால் நின்றிருக்கவும் மாட்டார். ஒரு வீட்டுக் கடனைத் தீர்க்க எங்கள் பெண்கள் எடுக்கிற முடிவு அது, அதன் கணக்கே வேறு.

காரணம் சொல்லாமல் நின்றவர்தான் உங்களுக்கு உதவக்கூடியவர். அவர் வீட்டுக்குப் போங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அம்மா முன்னால் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். அவருக்குத் தர வேண்டிய சம்பள நிலுவை, சேவைக் கடிதம், ஈ.பி.எஃப். உறுப்பினர் அட்டையான பி கார்ட் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் அவற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். திரும்பி வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தால், புதிய வேலை நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.